செப்டம்பர் ஒன்றில் பிறந்த குற்றம்

மனிதகுலம் இதுவரை கண்டுபிடித்த நீதிகளிலேயே அப்பழுக்கற்றது, இங்கிலாந்தின் கென்ட் பகுதித் தேர்வுப் பள்ளிகளின் 'வயதுச் சரிக்கட்டல்' அட்டவணைதான். நுழைவுத் தேர்வு எழுதும் வகுப்பில் இளைய பிள்ளைக்கு அது மதிப்பெண்ணை ஏற்றும், மூத்த பிள்ளைக்கு இறக்கும். செப்டம்பர் ஒன்றில் பிறந்தவர் வகுப்புக்கே மூத்தவர். அடுத்த ஆகஸ்ட் கடைசியில் பிறந்தவர் கடைக்குட்டி.

ரோசலின்ட் ப்ளென்கின்சாப் இதில் பாதியைத்தான் படித்திருந்தாள். மகள் வகுப்பில் எல்லாரையும் முந்த வேண்டுமென்று மருத்துவரிடம் மன்றாடி, செப்டம்பர் ஒன்றாம் தேதியே அறுவை செய்து ஒட்டிலியைப் பெற்றாள். தொலைநோக்கு என்றால் அதுவல்லவா! பக்கத்து வீட்டுக்காரி எந்தத் திட்டமுமின்றி அடுத்த ஆகஸ்ட் முப்பதில் மகன் க்ளெமென்டைப் பெற்றாள்.

பத்து வருடம் கழித்துத் தேர்வு முடிவு வந்தது. க்ளெமென்டைவிட ஒட்டிலி ஐந்து கேள்விகள் கூடுதலாகச் சரியாகப் போட்டிருந்தாள். சரிக்கட்டியதும் அவனுக்கு நூற்றிருபத்தொன்று, இவளுக்கு நூற்றிருபது. இடம் கிடைக்க வேண்டிய மதிப்பெண் நூற்றிருபத்தொன்று. ரோசலின்ட் மேல்முறையீடு செய்தாள்.

மேல்முறையீட்டுக் குழுவின் தலைவர் திரு. டன்ஸ்டபிள் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தபடி விசாரணையைத் தொடங்கினார்.

"பிறந்த தேதிப்படிதான் சார் அவளுக்குப் பதினோரு வயசு. உள்ளுக்குள்ள அவ பத்துதான்" என்றாள் ரோசலின்ட். "இன்னமும் முயல் பொம்மையைக் கட்டிக்கிட்டுத்தான் தூங்கறா. ஷூ லேஸ்கூட கட்டத் தெரியாது."

"விண்ணப்பத்துல 'வயதுக்கு மீறிய முதிர்ச்சி'ன்னு எழுதியிருக்கீங்களே மேடம்?"

"அது பரீட்சைக்கு முன்னாடி எழுதினது சார்."

குழு இந்த விளக்கத்தைக் கண்ணியத்தோடு குறித்துக்கொண்டது. மனுவோடு 'இணைப்பு நான்கு' என்ற பெயரில் சமர்ப்பிக்கப்பட்டிருந்த ஒட்டிலி கதவோரம் உட்கார்ந்திருந்தாள். அவமானத்தில் அவள் காது மடல்கள் சிவந்திருந்தன.

"நீ ஏதாவது சொல்லணுமாம்மா?" என்று தலைவர் கேட்டார்.

"எனக்கு லேஸ் கட்டத் தெரியும் சார்."

"ஒட்டிலி, பேசாம இரு" என்றாள் ரோசலின்ட்.

"ஒரு சந்தேகம் மட்டும் சார். வயசு கூடன்னு மார்க்கைக் குறைச்சீங்க, சரி. ஆறு வயசுலேர்ந்து வாரத்துக்கு நாலு நாள் ட்யூஷன் போறேன். அதுக்கு எவ்வளவு குறைப்பீங்க?"

தலைவர் அட்டவணையைப் புரட்டினார். பின்பக்கத்தையும் பார்த்தார்.

"அதுக்குக் கட்டம் இல்லம்மா."

"ஏன் சார்?"

டன்ஸ்டபிள் பக்கத்தில் இருந்த குழு உறுப்பினர்கள் இருவரையும் பார்த்தார். மூவரின் பிள்ளைகளும் ஒட்டிலி இடம் கேட்ட அதே பள்ளியில்தான் படித்தார்கள், மூவரின் பிள்ளைகளுக்கும் ட்யூஷன் எடுத்தவர் ஒரே ஆசிரியர்தான். ரோசலின்ட் கண்ணை மூடிக்கொண்டாள். இடம் போயே போயிற்று என்று நினைத்தாள்.

ஐந்தே நிமிடத்தில் குழு ஒருமனதாக ஒட்டிலிக்கு இடம் ஒதுக்கியது. அந்தக் கேள்வியை அவள் வெளியே யாரிடமும் கேட்கக் கூடாது என்பது ஒன்றே நிபந்தனை.