உழாத நிலத்துல ரெண்டு பிள்ளையார்

அன்னைக்கு வேலை ஒண்ணே ஒண்ணுதான். காப்பார் கிராமத்துல மச்சானோட நிலத்துல சோளம் விதைக்கணும்.

நான் பிரிக்பீல்ட்ஸ்ல ஆபீஸ் கிளார்க். மண்ணுக்கும் எனக்கும் உள்ள சம்பந்தம் சப்பாத்து அடி வரைக்கும்தான். ஆனா ஒரு விவசாயக் கண்காட்சி பார்த்துட்டு வந்திருந்தேன். அது போதாதா!

"மச்சான், உழவே வேணாம். களைக்கு மருந்தடிச்சிட்டு மெஷின விடுங்க. அதுவே கீறும், விதைய போடும், மூடும். ஒரே ஓட்டு!"

என் பொண்டாட்டியோட அண்ணன் இல்லையா, என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சரி மாப்ள. முளைக்கலன்னா தீபாவளிக்கு என் வீட்டு வாசல மிதிக்காத."

அவர் வீட்டு தீபாவளி ஆட்டுக்கறிய நினைச்சுக்கிட்டே தலையாட்டினேன்.

ஸ்ரீ கெம்பாங்கான்ல மெஷின் வாடகைக்கு விடுற லிம் அங்கிள் கிட்ட ஒரு நாளைக்கு விதைக்கிற மெஷின் கேட்டு, லோரில ஏத்திட்டு வந்தேன். மச்சானோட டிராக்டர் பின்னால மாட்டினோம். மெஷின்ல ரெண்டு விதைப் பெட்டி.

பூஜை போடாம ஓட்ட முடியுமா? டயருக்கு எலுமிச்சம்பழம் வச்சாச்சு. மஞ்சள்ல பிள்ளையாரும் பிடிச்சாச்சு. அவர எங்க வைக்கிறது?

"போனட்ல வச்சா விழுந்துடுவார் லா," ன்னார் மச்சான்.

"விதைப் பெட்டிக்குள்ள, அடியில வைக்கிறேன். அசைய மாட்டார்."

அசையவே இல்ல.

இன்னொரு பெட்டிக்குக் குறை வைக்கக் கூடாதுன்னு இன்னொரு பிள்ளையார். மேல விதையக் கொட்டினேன்.

மத்தியானத்துக்குள்ள வேலை முடிஞ்சுது. லேசா கீறல் தவிர, நிலம் காலையில இருந்த மாதிரியே இருந்துச்சு. உழாத நிலம் அப்படித்தான் இருக்கும்னு நானே விளக்கம் குடுத்தேன்.

பெட்டியத் திறந்தா, விதை அப்படியே நிறைய கிடக்கு!

"பார்த்தீங்களா மச்சான், என்ன சிக்கனம்!"

மெஷினத் திருப்பிக் குடுக்கிறப்ப, மிச்சத்த லிம் அங்கிளுக்கு அன்பளிப்பா பெட்டியோடயே குடுத்துட்டேன். பெருந்தன்மை!

பத்து நாள் கழிச்சு மச்சான் ஆபீசுக்கே போன் போட்டார்.

"மாப்ள, ஒண்ணு கூட முளைக்கல."

"மழை சரியில்ல போல..."

"பக்கத்து நிலத்துல பெஞ்ச மழைதான் இங்கயும் பெஞ்சுச்சு. போன வை."

மெஷின்தான் சரியில்லன்னு சண்டை போட லிம் அங்கிள் ஷெட்டுக்குப் போனேன். அங்க சுவத்துல சின்னதா ஒரு சாமி மேடை. அவரோட சாமி பக்கத்துல என்னோட ரெண்டு பிள்ளையாரும்! முன்னால ஊதுபத்தி வேற.

"உங்க சாமி ரெண்டு பேரும் விதை விழுற ஓட்டைய அடைச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க," ன்னார் மலாய்ல, ரொம்ப மரியாதையா. "பத்திரமா எடுத்து வச்சிட்டேன். பெட்டியக் கழுவுறப்ப விதையெல்லாம் வெளிய கொட்டிடுச்சு. மன்னிச்சுக்கோ."

எட்டிப் பார்த்தேன். ஷெட்டுக்குப் பின்னால, சாக்கடை ஓரமா, விரல் உயரத்துக்குச் சோளம். பச்சைப் பசேல்னு!

அங்கிருந்தே போன் போட்டேன்.

"மச்சான், முளைச்சிடுச்சு!"

"எங்க?"

"ஸ்ரீ கெம்பாங்கான்ல."

அந்தத் தீபாவளிக்கு மத்தியானச் சாப்பாடு லிம் அங்கிள் ஷெட்டுலதான். அவிச்ச சோளம்.