ஜப்பான் அக்கா குனிந்த கதை

பாகூரை முதுகுக்குப் பின்னால் விட்டுக் கிழக்கே நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு துணிப்பை, கையில் வாழை இலையில் கட்டிய புளிசாதம். ஊருக்குள் ஒரு ஓட்டு வீட்டில் ஜப்பான் அக்காவைக் கேள்விக்குறி மாதிரி வளைந்த நிலையில் விட்டுவிட்டு வந்திருந்தேன். அந்த வளைவில் எனக்கும் பங்கு உண்டு என்பதால் நடை கொஞ்சம் வேகமாகவே இருந்தது.

ஜப்பானைப் பற்றி உலகத்திலேயே அதிகம் தெரிந்த மனுஷி ஜப்பானில் இல்லை, ஒதியம்பட்டில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறாள் என்று எந்தக் கோயிலிலும் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்வேன். இத்தனைக்கும் அக்கா கிழக்கே பாண்டிச்சேரி கடற்கரையைத் தாண்டிப் போனவள் இல்லை. அதற்கப்புறம் தண்ணீர்தான் என்பதும் ஒரு காரணம்.

நான் அங்கே போய்ச் சேர்ந்தது ஒரு சோப்புக் கம்பெனியிலிருந்து. உள்ளங்கைத் தோல் உரிந்து, சோற்றைப் பிசைந்தால் எரிந்தது, நின்றுவிட்டேன். அதற்கு முன்னால் செங்கல் சூளை, அதற்கும் முன்னால் கரும்பு வெட்டு. வேலை கேட்டு நின்றவனை அக்கா இரண்டே கேள்வியில் முடித்துவிட்டாள்.

"இங்கிலீசு படிப்பியா?"

"எட்டாவது வரைக்கும் போனேன்கா. எழுத்துக் கூட்டிப் படிப்பேன்."

"பாத்திரம் கழுவுவியா?"

"அதைக் கூட்டாமலே செய்வேன்."

சேர்த்துக்கொண்டாள். பாத்திரம் கழுவுவது உப தொழில் என்பது மறுநாள்தான் தெரிந்தது. அடுப்புக்குப் பக்கத்தில் ஊறுகாய் ஜாடி, ஜாடியில் சாய்ந்தபடி ஒரு பழைய போன். அதில் காலையிலிருந்து மாலைவரை ஜப்பான் நாடகம். போன் கண்ணாடியில் குறுக்கே ஒரு கீறல் இருந்ததால், அந்த நாட்டில் எல்லோருக்கும் கன்னத்தில் தழும்பு உண்டு என்று நான் ரொம்ப நாள் நம்பினேன். பேச்சு ஜப்பான் பாஷையில், கீழே எழுத்து இங்கிலீஷில். அதைப் படித்துச் சொல்வதுதான் என் வேலை.

அந்த எழுத்து நிற்கிற எழுத்து அல்ல. நான் ஒரு வார்த்தையைக் கூட்டி முடிப்பதற்குள் கதாநாயகன் காதலித்து, பிரிந்து, ரயிலேறிவிடுவான். இரண்டு நாள் முயன்று பார்த்தேன். மூன்றாம் நாளிலிருந்து சொந்தமாகச் சொல்ல ஆரம்பித்தேன்.

"இன்னாடா சொல்றான்?"

"உன்னைப் பிரிஞ்சி என்னால இருக்க முடியாது, ஆனா கம்பெனியில மூணு நாள் லீவு கிடையாதுன்னு சொல்றான்கா."

"பாவம், நல்ல புள்ள" என்று அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெங்காயத்தை வதக்குவாள். வெங்காயமா, கதையா என்று யாரும் பிரித்துச் சொல்ல முடியாது.

சாப்பிட வருகிறவர்கள் எல்லாம் பக்கத்துக் கம்பெனி ஆட்கள், லோடு வண்டிக்காரர்கள். ஒரு சாப்பாட்டுக்கு ஒரு ஜப்பான் சேதி இலவசம். வேண்டாம் என்றாலும் ரசத்தோடு ஊற்றிவிடுவாள்.

"நம்ம சீரியல்ல ஒரு மாமியா மாடிப்படி ஏற ஆரம்பிச்சான்னா, அவ மேல போய்ச் சேர்றதுக்குள்ள நம்ம வூட்டுல ஒரு கொழந்த பொறந்து நடக்க ஆரம்பிச்சிடும். அங்க பத்து வாரம். கல்யாணம், சாவு, கம்பெனி திவால், எல்லாம் முடிச்சிட்டு எழுந்து போயிடறானுங்க. ஆனா ஒண்ணு, காதல்ல மட்டும் சுத்த சோம்பேறிங்க. எட்டாவது வாரம்தான் தொட்டான். எத தொட்டான்? அவ கொடைய!"

டெம்போ ஓட்டுகிற முருகேசன் அங்கே தினமும் சாப்பிடுகிறவன், தினமும் அக்காவை வம்புக்கு இழுக்கிறவன். "கொலையெல்லாம் பண்ண மாட்டானுங்களாக்கா?"

"ஏன் பண்ண மாட்டான்? பண்ணுவான். ஆனா கொலகாரனும் செருப்ப வாசல்ல கழட்டி வுட்டுட்டுதான் உள்ள வருவான். நீ சோறு துன்னவே பூட்சு காலோட வர."

அன்றைக்கே சட்டம் வந்தது. செருப்பு வெளியே. சும்மா கழற்றினால் போதாது, ஜப்பான் வழக்கப்படி மூக்கு ரோட்டைப் பார்த்திருக்க வேண்டும். வரிசை அழகாகத்தான் இருந்தது. முதல் வாரமே ஒரு நாய் அந்த வரிசையிலிருந்து ஒரு கம்பெனி சூப்பர்வைசரின் இடதுகால் பூட்ஸை எடுத்துக்கொண்டு ஆற்றுப் பக்கம் போய்விட்டது. மூக்கு வெளியே பார்த்திருந்ததால் அதற்கும் தூக்க வசதி. அந்த மனிதர் ஒற்றை பூட்ஸோடு ஷிப்டுக்குப் போனார். அக்கா அவருக்கு இரண்டு வடை அதிகமாக வைத்து மன்னிப்புக் கேட்டாள்.

அந்த மன்னிப்பில்தான் குனிகிற வித்தை முதல்முதலாக வெளியே வந்தது. கை இரண்டையும் தொடையில் ஒட்டிவைத்து, இடுப்பை மடித்து, தலை தரையைப் பார்க்க, மனசுக்குள் ஏழு எண்ணி அப்புறம் நிமிர்வது. சூப்பர்வைசர் பயந்து எழுந்துவிட்டார். அதற்குப் பிறகு வருகிறவனுக்கு ஒரு குனிவு, போகிறவனுக்கு ஒரு குனிவு. சாம்பார் தீர்ந்தால் ஒரு பெரிய குனிவு. என்னையும் விடவில்லை.

"மரியாதை குடுத்தா முழுசா குடுடா. பாதியில நிமுந்தா அது மரியாத இல்ல, முதுகு சொறியறது."

ஒரு நாள் நாடகத்தில் ஒரு கம்பெனி முதலாளி, பின்னால் மூன்று மேனேஜர்கள், கேமரா முன்னால் வரிசையாகக் குனிந்தார்கள். விஷம் கலந்த சரக்கை விற்றுவிட்டார்களாம். அல்லது நான் அப்படிச் சொன்னேன்.

முருகேசன் கேட்டான்: "நம்மூரு ரோடு போட்ட காண்ட்ராக்டரு இப்பிடிக் குனிவானாக்கா?"

"அவன் குனிய வேணாம்பா. அவன் போட்ட ரோட்டுல ரெண்டு வாட்டி பைக்குல போயிட்டு வரட்டும். தானா வளைஞ்சிடும்."

கடையே சிரித்தது. அக்காவுக்குக் கொஞ்சம் கழன்றுவிட்டது என்றும் பேசிக்கொண்டார்கள். நானும் அந்தக் கட்சிதான், முருகேசன் அந்தச் சேதியைக் கொண்டுவரும் வரை.

ஒரு மத்தியானம் அவன் மோரை ஊற்றிக்கொண்டே, வம்பு எதுவும் இல்லாமல், மெதுவாகச் சொன்னான்: "பாகூருக்கு லோடு எறக்கப் போனன்கா. உம் பொண்ண பாத்தன். எட்டு மாசமாம்."

அக்கா போனை ஜாடியிலிருந்து எடுத்து, கவிழ்த்து வைத்தாள். நான் வந்த ஐந்து மாதத்தில் அந்தப் போன் கவிழ்ந்து நான் பார்த்ததில்லை.

கதை அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது. ஒரே மகள், மகேஸ்வரி. பாகூரில் ஒரு கிறிஸ்தவப் பையனை விரும்பி, சொல்லாமல் கட்டிக்கொண்டாள். அக்கா அவர்கள் பஸ்ஸுக்கு நின்ற ஸ்டாப்புக்கே போய், நாலு பேர் பார்க்க, ரோட்டு மண்ணை வாரித் தூற்றிச் சபித்துவிட்டு வந்தாள். எங்கள் பக்கம் அதற்கு மேல் ஒரு கோபம் கிடையாது. மூன்று வருஷம் பேச்சில்லை. மகள் விட்டுப்போன போன்தான் அது. ஒரு நாள் அவள் போட்டோவைத் தேடப்போய், அவள் பாதியில் நிறுத்தியிருந்த ஜப்பான் நாடகத்தில் விரல் பட்டுவிட்டது. மகள் நிறுத்திய இடத்திலிருந்து அம்மா பார்க்கத் தொடங்கினாள்.

"வளகாப்புக்கு நான் போவலன்னா அதுக்கு யாருடா வளையல் போடுவா? பிரசவத்துக்கு எந்த வூட்டுக்கு வரும்?" என்றாள்.

"போய் மன்னிப்புக் கேளேன்கா."

"எப்பிடிக் கேக்கறது? சொல்லு."

சின்னவர்கள் தப்புச் செய்தால் பெரியவர்கள் காலில் விழலாம். பெரியவர்கள் செய்தால்? பெற்றவள் மகள் காலில் விழுந்தால் மகளுக்கு ஆயுசு குறையும். அதுவும் பிள்ளைத்தாய்ச்சி. வாயால் சொல்லலாம் என்றால், அக்காவின் வாய்க்கு ஏசவும் தெரியும், கதை சொல்லவும் தெரியும், இந்த ஒன்று மட்டும் தெரியாது.

"அதான் இதப் புடிச்சன்" என்று எழுந்து குனிந்து காட்டினாள். "கால்ல வுழல பாரு. காத்துலதான் குனியறன். ஆயுசுக்கு ஒண்ணும் ஆவாது."

இத்தனை நாள் ரசம் கேட்டவனுக்கும் வண்டிக்காரனுக்கும் அவள் குனிந்துகொண்டிருந்தது ஒத்திகை. அதைப் பார்த்துச் சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

அன்று சாயங்காலம் ஒரு நாடகத்தில் ஒரு அம்மா மகள் வீட்டு வாசலில் குனிகிற இடத்தை அக்கா பத்துத் தடவை போட்டாள். "பெரிய தப்புன்னா ஏழு போதுமாடா? எவ்ளோ நேரம் குனியணும்னு போட்டிருக்கான், படி."

கீழே என்ன போட்டிருந்ததோ, கடவுளுக்கும் ஜப்பானுக்கும் வெளிச்சம். நான் உருக்கமாக இருக்கட்டும் என்று சொன்னேன்: "எதிர்ல நிக்கறவங்க 'நிமிரு'ன்னு சொல்ற வரைக்கும் நிமிரக்கூடாதாம்கா."

அக்கா தலையாட்டி அதை மனசில் எழுதிக்கொண்டாள்.

மறுநாள் காலை கடையைப் பூட்டிக்கொண்டு கிளம்பினோம். கண்ணாடி வளையல் இரண்டு டஜன், பூ, ஐந்து வகை சாதம் ஐந்து தூக்குவாளியில். மூன்று தூக்கு என் கையில். இரண்டு பஸ் மாறினோம். பஸ் முழுக்கத் தயிர்சாதம் மணந்தது. கண்டக்டர் டிக்கெட் கொடுத்தபோது அக்கா உட்கார்ந்தபடியே அவருக்கும் ஒரு சின்னக் குனிவு போட்டாள். பழக்கம்.

வாசலில் மகேஸ்வரி நின்றுகொண்டிருந்தாள், ஒரு கை இடுப்பில், ஒரு கை நிலைக்கட்டையில். அம்மாவைப் பார்த்தாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அக்கா செருப்பைக் கழற்றி மூக்கை ரோட்டுப் பக்கம் திருப்பி வைத்தாள். தூக்குகளைக் கீழே வைத்தாள். குனிந்தாள்.

நான் ஏழு எண்ணினேன். அக்கா நிமிரவில்லை. பதினைந்து எண்ணினேன்.

உள்ளேயிருந்து மாமியார் பிலோமினா அம்மா ஓடிவந்தார். "அய்யோ சம்பந்தி, இன்னா வுழுந்துடிச்சி? மூக்குத்தியா?"

அக்கா பதில் சொல்லவில்லை. குனியும்போது பேசக்கூடாது என்பது அவள் விதி. பிலோமினா அம்மா அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டு, தானும் குனிந்து மண்ணைத் துழாவ ஆரம்பித்தார். "பதுவை அந்தோணியாரே, தொலைஞ்சத காட்டிக் குடுங்க! டேய் சேவியரு, வாடா, உங்க மாமியா மூக்குத்தி காணோம்!"

மருமகன் கையில் ஸ்பானரோடு வந்து குனிந்தான். எதிர்வீட்டுக்காரர் டார்ச்சை அடித்துக்கொண்டு குனிந்தார், பட்டப்பகலில். சாமான் தொலைந்த இடத்தில் சும்மா நிற்பது மரியாதை இல்லையே. மூன்று தூக்கையும் வைத்துவிட்டு நானும் குனிந்தேன்.

அந்த வாசலில் குனிய முடியாத ஒரே ஆள் மகேஸ்வரி. வயிறு விடவில்லை. ஐந்து பேர் சுற்றி நின்று தனக்கு முன்னால் குனிந்துகிடக்க, அவள் மட்டும் நேராக நின்றாள். இது மூக்குத்தி விவகாரம் இல்லை என்பதும் அந்த வீட்டில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

"இன்னாமா இது" என்றாள். "ஜப்பானா?"

அக்கா குனிந்தபடியே தலையாட்டினாள்.

மகேஸ்வரி சிரித்தாள், அழுதாள், இரண்டும் ஒரே நேரத்தில் வந்து மூச்சு முட்டியது. அப்புறம் கை இரண்டையும் ஒட்டிவைத்து, வயிறு விட்ட அளவுக்குத் தலையை மட்டும் தாழ்த்தினாள். "போதும். நிமிருமா."

"முடியலடி" என்றாள் அக்கா.

"இன்னும் இன்னா கோவம்?"

"கோவம் இல்லடி. இடுப்பு புடிச்சிக்கிச்சி."

மூன்று பேர் சேர்ந்து அதே வடிவத்தில் தூக்கிக்கொண்டு போய்க் கட்டிலில் சாய்த்தோம். வைத்தியர் வந்து தைலத்தைத் தேய்த்து, பத்து நாள் அசையக்கூடாது என்றார். பிரசவத்துக்கு மகளை அழைத்துப்போக வந்தவளுக்கு மகள் வென்னீர் ஒத்தடம் கொடுத்தாள். பிலோமினா அம்மா இன்னும் வாசலில் மூக்குத்தியைத் தேடிக்கொண்டிருந்தார். அது அக்காவின் மூக்கிலேயே இருப்பதை அவரிடம் சொல்ல ஒருவருக்கும் மனசு வரவில்லை.

சாப்பாடு முடிந்ததும் என் பையோடு போய்க் கட்டில் ஓரம் நின்றேன். "அக்கா, அந்த 'நிமிரு'ன்னு சொல்ற வரைக்கும்... அது அங்க எழுதியிருக்கல. நானா சொன்னது."

"தெரியும்டா. ஒரு நாள் அந்தப் பொண்ணு வாயே தொறக்காம ஜன்னல பாத்துனு இருந்துச்சி. நீ நாலு வரி படிச்ச."

"அப்ப ஏன்கா என்னை வச்சிருந்த?"

"தனியா பாத்தா நல்லா இல்லடா."

கடைச் சாவியை நீட்டி, பத்து நாள் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். எனக்கு வெங்காயம் நறுக்குவதற்கு மேல் சமையல் தெரியாது. ஒரே இடத்தில் அரை வருஷம் தாண்டினால் காலும் சும்மா இருக்காது. சாவியை மகேஸ்வரியிடம் கொடுத்தேன். அக்கா திட்டவில்லை. புளிசாதத்தைக் கட்டித் தரச் சொன்னாள். நான் தெருமுனை திரும்பும்போது உள்ளே போனில் ஜப்பான் பேச்சு கேட்டது. கூடவே மகேஸ்வரி தமிழில் படித்துச் சொல்கிற குரல். அவள் உண்மையிலேயே படிக்கிறவள். இனி அக்காவுக்குச் சரியான கதை கிடைக்கும். என் கதை அளவுக்கு இருக்குமா, தெரியாது.

பொழுது சாய பனித்திட்டுக் கடற்கரை போய்ச் சேர்ந்து, புளிசாதத்தைத் தின்று, படகு மறைவில் படுத்தேன். மறுநாள் காலை மீன் பெட்டிகளுக்கு ஐஸ் உடைத்துப் போட ஆள் தேடினார்கள். படகுக்காரர் முன்னால் போய் நின்றேன். வேலை கேட்க வாயைத் திறப்பதற்குள் கை தொடையில் ஒட்டி, இடுப்பு தானாக மடங்கிவிட்டது.

"இன்னாடா, மணல்ல இன்னா தேடற?"

"வேலைதாண்ணா."

"அப்ப குனிஞ்ச மேனிக்கே இரு. ஐஸு உங் காலுகிட்டதான் கெடக்குது."

ஐஸ் உடைக்கிற கட்டையைக் கையில் எடுத்தேன். ஏழு எண்ணி முடித்துவிட்டுத்தான் முதல் அடியை அடித்தேன். பாதியில் விட்டால் அக்காவுக்குப் பிடிக்காது.