டம்மி என்று நான் சொன்னது பொட்டியைத்தான்

நல்ல காரியம் நடக்கும்போது கெட்ட சொல் காதில் விழக்கூடாது என்றுதான் மேளம் வைத்தார்கள். மேளமே ஊமையாகிவிட்டால் என்ன செய்வது என்று பெரியவர்கள் யாரும் சொல்லிவைக்கவில்லை. (இப்போது நானே பெரியவள். எனக்கும் தெரியாது.)

என் பேத்தி செல்வியைப் பெண் பார்க்கப் போளூரிலிருந்து வந்தார்கள். அதற்கு முன்பு வந்த இடம், அவள் காபி கொண்டுவரும்போது யாரோ தும்மியதைச் சாக்கு வைத்து எழுந்து போய்விட்டது. இந்தப் பையனையோ செல்விக்குப் போட்டோவிலேயே பிடித்துவிட்டது. அதனால் கூடத்தில் மேளம் ஒலித்துக்கொண்டே இருக்கட்டும் என்று ஏற்பாடு செய்தேன். எவன் தும்மினாலும் கேட்காது. பக்கத்து வீட்டுத் தறிச் சத்தமும் அமுங்கிவிடும்.

பெங்களூரில் வேலை செய்யும் செல்வியின் அண்ணன் குமார், தன் பழைய லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டு, பாட்டுப் பாடும் சாஃப்ட்வேரையும் மேளத்தையும் ஏற்றிக் கொடுத்திருந்தான். "முக்கோணத்த அமுக்கு ஆயா, பாடும்" என்றான். என் படிப்பு இரண்டாம் வகுப்பு, இங்கிலீஷ் எழுத்து மட்டும் செல்வி சொல்லிக்கொடுத்தாள். முக்கோணம் தெரியும்.

வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். நான் உள்ளறையில் அந்த லேப்டாப் பொட்டியின் முக்கோணத்தை அமுக்கினேன். கோடு ஓடியது, சத்தம் வரவில்லை. சத்தத்தைக் கூட்டும் கோட்டைக் கடைசிவரை இழுத்தேன். ஒன்றும் இல்லை. அடுப்படியில் காபி தயார். எந்த நேரத்தில் எவன் தும்முவானோ என்று பயந்து குமாருக்குப் போன் போட்டேன்.

எனக்குக் காது கொஞ்சம் மந்தம். போனில் பேசினால் போன் இல்லாமலே போளூருக்குக் கேட்கும். உள்ளறைக்கும் கூடத்துக்கும் நடுவே இருந்தது ஒரு துணித்திரை.

"ஸ்பீக்கர் படத்த தொடு ஆயா. அவுட்புட்னு போட்டு என்னா எழுதிகீது? எழுத்து எழுத்தா சொல்லு."

"டி, யு, ரெண்டு எம்மு, ஒய்யி..."

"ஐயோ, டம்மியா?"

"ஆமாண்டா, டம்மிதான்! வந்ததுலேர்ந்து சும்மா குந்திகினு கீது. வாயே தெறக்கல. பாக்க நல்லாத்தான் கீது, உள்ள சரக்கு இல்ல போல!"

"பல்ஸ் ஆடியோன்னு ஒரு ப்ரோகிராம் உள்ள ஓடிகினு இருக்குது. அத்த கொல்லணும். கொன்னா தானா உசுரு வந்துடும்."

"என்னாது, கொல்லணுமா? இத்தினி பேர வெச்சிகினா?"

"ஒரு செகண்டுதான் ஆயா. பயப்படாத."

"சரி, ஜல்தி சொல்லு, எப்பிடி கொல்றது? பல்ஸ் நின்னா போதுமா?"

சட்டென்று பக்கத்து வீட்டுத் தறியும் நின்றது. (அவர்களும் கேட்டுக்கொண்டு இருந்தார்கள்.) என் மகன் திரையை விலக்கினான். "அம்மா, போதும்மா" என்றான். முகத்தில் ரத்தமே இல்லை.

கூடத்தில் பையனின் அம்மா கைப்பையோடு எழுந்து நின்றுகொண்டிருந்தார். பையன் வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசாமல், பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடுப்படி வாசலில் காபித் தட்டோடு நின்ற செல்வி என்னைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது.

"எம் புள்ளையா டம்மி?"

"ஐயோ, பொட்டியச் சொன்னேங்க!"

"அப்ப யாரக் கொல்லப் பாத்தீங்க?"

"பல்ஸைங்க!" (இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.)

பையன் எழுந்தான். வாசலுக்குத்தான் போகிறான், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். நேராக உள்ளறைக்கு வந்தான்.

"டம்மி அவுட்புட்டா ஆயா? நானும் லினக்ஸ்தான் வெச்சிருக்கேன். அங்கயும் இதே பேஜாருதான்."

உட்கார்ந்து ஒரு வரி தட்டினான். கூடத்தில் அவன் அம்மா கையை நீட்டி ஆரம்பித்தார்: "இதோ பாருங்க, இந்தச் சம்பந்தம் நமக்கு..."

அவன் முக்கோணத்தை அமுக்கினான். கெட்டிமேளம்! கோட்டைக் கடைசிவரை இழுத்து வைத்தவள் நான்தானே, ஓடு பிய்த்துக்கொண்டு போகாததுதான் குறை. அந்த அம்மாவின் வாய் வெகுநேரம் அசைந்தது. ஒரு சொல்லும் யார் காதிலும் விழவில்லை. கடைசியில் திரும்பிப் பார்த்தார். அவர் மகன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான், செல்வியின் கையில் காபித் தட்டும் சிரிப்பில் குலுங்குகிறது. பெருமூச்சு விட்டு உட்கார்ந்து ஒரு தம்ளரை எடுத்துக்கொண்டார்.

இன்றைக்கும் மாப்பிள்ளை போன் செய்தால் "ஆயா, டம்மி பேசறேன்" என்றுதான் ஆரம்பிப்பார். சம்பந்தியம்மா வரும்போதெல்லாம் அதே மேளத்தைப் போட்டுவிட்டு நான் கேட்பேன்: "அன்னிக்கி என்னாமோ சொல்ல வந்தீங்களே?"

"மொதல்ல அந்த மேளத்த நிறுத்துங்க, சொல்றேன்" என்பார்.

நான் நிறுத்துவேனா?