ஊராட்சியின் இயற்கை ஊற்று

குறையே இல்லாத ஊராட்சி இந்தப் பூமியில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது எது என்று கேட்டால், ஊராட்சிச் செயலாளர் நாற்காலியில் சற்று நிமிர்ந்து உட்கார்ந்து தம் மேசையைத் தட்டிக் காட்டுவார். இதில் தற்பெருமை துளியும் இல்லை. மற்ற ஊர்களில் புகார் வந்தால் ஆளை அனுப்பிப் பழுதைச் சரிசெய்வார்களாம். சரிசெய்தது மறுபடியும் கெடும். மறுபடியும் புகார் வரும். அதெல்லாம் ஒரு நிர்வாகமா? இந்த ஊராட்சி புகாரின் ஆணிவேரிலேயே கை வைத்தது. ஒரு பழுது ஒரு வருடம் அசையாமல் அதே இடத்தில் இருந்துவிட்டால் அது பழுது அல்ல, ஊரின் சொத்து. சொத்தைப் பற்றி யாராவது புகார் கொடுப்பார்களா?

இதற்கு 'நிலைபேறு விதி' என்று பெயர். அது வந்தபிறகு ஊர் செழித்த செழிப்பைச் சொல்லி மாளாது. கடைத்தெருவில் தலை குப்புறச் சாய்ந்த விளக்குக் கம்பம் 'சாய்வுத் தூண்' ஆயிற்று. நூலகத்துக்கு முன்னால் இருந்த குழி 'மழைநீர் நிலை' ஆயிற்று. அதில் ஸ்கூட்டரோடு விழுந்து எழுந்தவர்கள் 'பார்வையாளர்கள்' ஆனார்கள். சொத்து என்று ஒன்று இருந்தால் அக்கம்பக்கத்தார் அதன் சுகத்தை அனுபவிக்கத்தானே செய்வார்கள்? அனுபவிக்கிறவர்கள் 'வசதி வரி' கட்டுவதுதானே முறை? இப்படியாக, ஊரில் பழுது பெருகப் பெருக ஊராட்சியின் கஜானாவும் நிறைந்துகொண்டே போயிற்று.

இவ்வளவு உயர்ந்த நிர்வாகத்தைப் புரிந்துகொள்ளும் பக்குவம் பெயிண்டருக்கு மட்டும் வாய்க்கவில்லை.

ஊரில் பெயிண்டர் அவர் ஒருவர்தான். பட்டி பார்ப்பதில் கை தேர்ந்தவர். அவர் தேய்த்து முடித்த சுவரில் ஈ உட்கார்ந்தால் வழுக்கிவிடும் என்று சொல்வார்கள். அப்பேர்ப்பட்டவரின் சொந்த வீட்டுச் சுவரோரமாகத்தான் ஊராட்சியின் தண்ணீர்க் குழாய் போகிறது. ஒரு நாள் அந்தக் குழாய் வாயைப் பிளந்தது. பிளந்த வாய் ஒரு வருடம் கழிந்தும் மூடவே இல்லை. தண்ணீர் சுவரின் அடியில் தேங்கி, ஓதம் ஜன்னல் வரை ஏறி, பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாகப் பொரிந்து உதிர்ந்தது. பெயிண்டர் சுரண்டிவிட்டுப் புதிதாக அடிப்பார். அது காய்வதற்குள் அடுத்த கொப்புளம் கிளம்பும்.

புது மாடி வீடு கட்டியிருந்த மளிகைக்கடைக்காரர் வேலை பேச வந்தார். வாசலில் நின்று சுவரை மேலும் கீழும் பார்த்தார். உள்ளே வரக்கூட இல்லை. "அடுத்த வாரம் சொல்றேன்" என்று போனவர் போனவர்தான். அவரைப் பார்த்து மற்றவர்களும் வெளியூர் பெயிண்டரைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். வாசலில் கால் வைக்கவே பெயிண்டருக்கு அவமானமாக இருந்தது. இப்படியே போனால் பிரஷ்ஷைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வேறு பிழைப்பைத் தேட வேண்டியதுதான்.

இதில் விசேஷம் என்னவென்றால், ஊராட்சியின் குழாய்க்காரர் அசலூர் ஆள் அல்ல; பெயிண்டருடைய மனைவியின் கூடப்பிறந்த தம்பி. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அக்கா வீட்டுக்குச் சாப்பிட வருவார். வாசலில் தேங்கிய தண்ணீரை ஒரே தாண்டாகத் தாண்டி உள்ளே வருவார்.

"ஏன்டா, வாரா வாரம் தாண்டுறியே, உனக்கு வெக்கமா இல்ல?" என்பாள் அக்கா.

"அக்கா, ஆர்டர் இல்லாம ஊராட்சிக் குழாயில கை வெச்சா என் வேலைக்கே வேட்டு வெச்சிடுவாங்க. ஆர்டர் வரட்டும், கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள முடிச்சிடறேன். மாமா, இன்னும் கொஞ்சம் சாதம் போடச் சொல்லுங்க."

பெயிண்டர் ஆர்டர் வாங்கக் கிளம்பினார்.

ஊராட்சி அலுவலகத்தில் மின்விசிறி மட்டும் வேலை செய்துகொண்டிருந்தது. செயலாளர் அவரை அன்போடு உட்காரச் சொன்னார்.

"ஐயா, எங்க வீட்டோரம் குழாய் உடைஞ்சு கெடக்குங்க."

"குழாயா? அது போன மாசமே ஊற்று ஆயிடுச்சே! உங்களுக்குத் தெரியாதா? கூட்டத்துல தீர்மானம் போட்டுட்டோம். 'இயற்கை ஊற்று'."

"ஊற்றுத் தண்ணியில பிளீச்சிங் பவுடர் வாடை அடிக்குமாங்க?"

"அதான் அதோட அபூர்வம்."

"ஐயா, காலையிலயும் சாயங்காலமும் நீங்க தண்ணி திறந்துவிடற நேரத்துலதான் அது கொப்பளிக்குது."

செயலாளரின் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா! நம்ம ஊர்ல இயற்கைகூட ஆபீஸ் நேரத்துக்கு வேலை செய்யுது. ஊற்று வசதி வரி உங்க தெரு முழுக்கப் போட்டிருக்கோம். பக்கத்துலயே இருக்கறதால உங்களுக்குக் கொஞ்சம் கூட வரும்."

"சுவரு நாசமாப் போகுதுங்க!"

"நல்லவேளை ஞாபகப்படுத்தினீங்க" என்றார் செயலாளர். "உங்க சுவரைப் பத்தி நானே பேசணும்னு இருந்தேன்."

'குடியிருப்போர் தத்தம் வெளிச்சுவரை ஓதம், உப்பு, பொரிவு ஆகியன இன்றிப் பேணுதல் வேண்டும்' என்று ஒரு விதி இருக்கிறது. பேணாத சுவரில் சிவப்பாகப் பெரிய பெருக்கல் குறி போடுவார்கள். குறி விழுந்த வீட்டுக்கு வீட்டு வரி இரட்டிப்பு. செயலாளர் விதியை விளக்கிவிட்டு, "உங்களுக்கு ஒரு வேலையும் வெச்சிருக்கேன். ஒரு சுவர்ல குறி போடணும்" என்றார்.

வேலை என்றதும் பெயிண்டருக்கு உயிர் வந்தது. "எந்தச் சுவருங்க?"

"உங்க சுவருதான். ஊர்ல வேற பெயிண்டர் ஏது?"

எழப் போன பெயிண்டர் மறுபடி உட்கார்ந்தார். "கூலி?"

"தாராளமா உண்டு. ஊராட்சி யாரையும் சும்மா வேலை வாங்காது. ஆனா குறி போடற செலவு வீட்டுக்காரரைச் சேர்ந்தது. நீங்க எங்களுக்குக் கட்டுங்க, நாங்க உங்களுக்குக் குடுக்கறோம். நடுவுல சேவைக் கட்டணம் மட்டும் புடிச்சுக்குவோம்."

பெயிண்டர் தம் சுவரில் தாமே குறி போட்டார். மனம் குமுறினாலும் கைக்கு அரைகுறை வேலை தெரியாது. நூல் பிடித்துக் கோடு இழுத்து, கோணம் பார்த்து, இரண்டு கோட் அடித்தார். தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. இவ்வளவு லட்சணமான அவமானத்தை அந்தத் தெரு அதுவரை பார்த்ததில்லை. உள்ளே மனைவி மட்டும் பாத்திரங்களை ஒன்றோடொன்று மோதவிட்டுக்கொண்டிருந்தாள்.

ஓதச் சுவர் குறியை மட்டும் விட்டுவைக்குமா? ஒரு வாரத்தில் பெருக்கல் குறியின் ஒரு கால் உதிர்ந்தது. மறு வாரம் பெயிண்டர் மீண்டும் செயலாளர் முன்னால் நின்றார். இப்போது குற்றம் 'அரசு அடையாளத்தைச் சிதைத்தல்'.

"நான் சிதைக்கலைங்க. ஓதம் உரிச்சிடுச்சு."

"குறி ஊராட்சியோடது. அது இருக்கறது உங்க சுவர்ல. அப்போ அதைப் பராமரிக்க வேண்டியது யாரு?"

"ஓதம் இருக்கற வரைக்கும் குறி நிக்காதுங்க."

"சரி, ஓதத்தை நிறுத்துங்க."

"ஓதம் நின்னா குறியே தேவையில்லையேங்க!"

செயலாளர் வாய்விட்டுச் சிரித்தார். "இதைத்தான் நானும் எதிர்பார்த்தேன். விடையை உங்க கையிலயே வெச்சுக்கிட்டு இங்க வந்து நிக்கறீங்களே! சுவரு காயணும். அவ்வளவுதான் எங்களுக்கு. எப்படிக் காயுதுங்கறது உங்க பாடு."

பெயிண்டர் வீடு வந்து சேர்ந்ததும் மனைவியிடம் நடந்ததைச் சொன்னார். அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"உங்க பாடுன்னு அவரே சொல்லிட்டாரா?"

"அவரே சொன்னாரு."

"அப்புறம் என்னங்க யோசனை? மண்வெட்டி கதவுக்குப் பின்னாடி இருக்கு."

பெயிண்டர் அன்று மதியமே குழாயைத் தோண்டினார். சைக்கிள் கடையில் கழித்துப் போட்ட டியூபை வாங்கி வந்து, வாய் பிளந்த இடத்தில் இறுக்கிச் சுற்றி, கம்பியால் கட்டினார். சாயங்காலம் தண்ணீர் விட்டார்கள். புருஷனும் பெண்டாட்டியும் குழிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தார்கள். ஒரு சொட்டு வரவில்லை. அவள் சிரித்தே விட்டாள்.

சுவர் மெல்ல மெல்லக் காய்ந்தது. பெயிண்டர் பழையதை முழுக்கச் சுரண்டி, பட்டி வைத்து, தேய்த்து, பிரைமர் அடித்து, மேலே இளமஞ்சள் கொடுத்தார். வாடிக்கையாளர் வீட்டுக்குக்கூட அவர் அப்படி உழைத்ததில்லை. கடைசி கோட் முடிந்ததும் தெருவின் அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தார். கண் கலங்கிவிட்டது. பெயிண்ட் வாடை என்று மனைவியிடம் சொன்னார். அவளும் நம்பியதாகக் காட்டிக்கொண்டாள்.

மளிகைக்கடைக்காரர் அந்த வழியாகப் போனவர் நின்றார். சுவரை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். "இதே கலர், இதே வழவழப்பு. திங்கட்கிழமை வந்து வேலையை ஆரம்பிச்சிடுங்க" என்றார்.

திங்கட்கிழமை விடிந்ததும் வாசலில் ஜீப் வந்து நின்றது.

இங்கேதான் ஊராட்சியின் பெருமையை நாம் எழுந்து நின்று கேட்க வேண்டும். யாரும் புகார் கொடுக்கவில்லை. யாரும் நினைவூட்டவில்லை. ஊருக்கு ஒரு கேடு வந்துவிட்டது என்று தானாகவே உணர்ந்து செயலாளர் நேரில் வந்திருந்தார். சுவரை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. காய்ந்த மண்ணைப் பார்த்தார். துக்க வீட்டுக்கு வந்தவர் குரலில் கேட்டார்.

"ஊற்று எங்கே?"

"நின்னுடுச்சுங்க."

"இயற்கையா நின்னுச்சா, செயற்கையா நின்னுச்சா?"

பெயிண்டருக்குப் பொய் சொல்ல வரவில்லை. "சைக்கிள் டியூபு சுத்தினேங்க. சுவரு காயணும்னு நீங்கதானே..."

"சைக்கிள் டியூபு!" செயலாளர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "இந்தத் தெருவே ஊற்றுக்கு வரி கட்டுது. நாளைக்கு ஒருத்தர் வந்து, 'வரி வாங்கினீங்களே, ஊற்று எங்கே'ன்னு சட்டையைப் புடிச்சுக் கேட்டா நான் என்ன பதில் சொல்லுவேன்? வாங்கின காசுக்குச் சேவை செய்ய வேண்டாமா? மனசாட்சின்னு ஒண்ணு இல்லையா?"

இப்படிப்பட்ட நேர்மைக்கு முன்னால் பெயிண்டர் கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

ஜீப்பிலிருந்து ஆட்கள் இறங்கினார்கள். ஸ்பேனர்கள் இறங்கின, சிறிதும் பெரிதுமாக. புத்தம் புதிய குழாய்த் துண்டுகள், வாஷர்கள், பசை டப்பா, தோண்டுகிற இயந்திரம், அதற்கு எண்ணெய், தோண்டுகிறவருக்கு நிழல் தரக் குடை எல்லாம் இறங்கின. கடைசியாக, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு குழாய்க்கார மைத்துனர் இறங்கினார். அன்றைக்கு அவர் எதையும் தாண்ட வேண்டியிருக்கவில்லை. வாசல் காய்ந்து கிடந்தது.

"மாமா, கோவிச்சுக்காதீங்க" என்று முணுமுணுத்துவிட்டுக் குழியில் இறங்கினார். பெயிண்டர் கட்டியிருந்த கம்பியை வெட்டினார். டியூபை உருவி எடுத்தார்.

"பழைய அளவு வரணும்" என்றார் செயலாளர், குனிந்து பார்த்தபடி. "கொஞ்சம்கூடக் குறையக் கூடாது. ஜனங்க பணம்."

மைத்துனர் வெடிப்பை உளியால் பதமாக விரித்தார். தண்ணீர் குப்பென்று பீறிட்டது. நீட்டிய வாளி நிறைகிற வேகத்தைப் பார்த்துச் செயலாளர் திருப்தியாகத் தலையாட்டினார். புது மஞ்சள் சுவரின் அடிப்பாகம் நனைந்து கறுக்க ஆரம்பித்தது. பெயிண்டர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மனைவிதான் குழியின் விளிம்புக்கு வந்தாள்.

"டேய், இவ்வளவு சாமானும் எங்கடா இருந்துச்சு?"

"ஸ்டோர்லதான்க்கா. எப்பவும் இருக்கும்."

"ஆளுங்க?"

"நாங்களும் எப்பவும் இருப்போம்."

"அப்புறம் ஏன்டா இத்தனை நாளா ஒருத்தனும் வரல?"

"திறக்கச் சொல்லித்தான்க்கா ஆர்டர் வந்துச்சு" என்றார் தம்பி, அவள் முகத்தைப் பார்க்காமல். "மூடச் சொல்லி இதுவரைக்கும் வந்ததே இல்லை."

மளிகைக்கடைக்காரர் எதிர்ச்சாரியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, வெளியூர் பெயிண்டருக்குப் போன் செய்தபடியே நடந்தார். அடுத்த மழைக்கு அந்தச் சுவர், இளமஞ்சளோடு, ஒரு மத்தியானம் தெருப்பக்கமாகச் சரிந்து விழுந்தது. நல்லகாலம், வாசலில் அப்போது யாரும் இல்லை. பெயிண்டரும் மனைவியும் தட்டுமுட்டுச் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு வேறு ஊருக்குப் பிழைக்கப் போனார்கள்.

ஆகையால், நம் ஊராட்சி கையாலாகாத ஊராட்சி என்று இனி யாரும் நாக்கு மேல் பல்லைப் போட்டுப் பேசக் கூடாது. அது அபாண்டம். அவர்கள் நிஜமாகவே கையாலாகாதவர்களாக இருந்திருந்தால், பெயிண்டர் வீட்டுச் சுவர் இன்றைக்கும் நின்றுகொண்டிருக்கும்.