முனைப்பு நோயாளி தேவநாதன்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. மனதை மட்டும், விருத்தாசலத்தில் 'முனைப்புப் பங்கேற்புப் படிவம்' அச்சாகி வந்த பிறகுதான் கண்டுபிடித்தது. ஜங்ஷன் ரோட்டில் ஒரு மாடியில் இயங்கிய 'மலர்ச்சி மனநல மையம்' அந்தச் சாதனையைச் செய்தது. நோயாளி பாட்டுக்கு வந்து உட்கார்ந்து குணமாகிவிட்டுப் போகிற காலமெல்லாம் மலையேறிவிட்டது. இனிமேல் அவர் 'முனைப்புடன் பங்கேற்க' வேண்டும். அப்படிப் பங்கேற்றால் இருபத்தைந்து மதிப்பெண்.

இந்த மகத்தான முன்னேற்றத்தின் எதிரில் ஒரு செவ்வாய்க்கிழமை வந்து உட்கார்ந்தார் தேவநாதன். பீங்கான் பொம்மை செய்யும் தொழிற்கூடத்தில் பதினேழு வருடமாகச் சூளை பார்ப்பவர். நான்கு மாதமாக அவருக்குத் தூக்கம் இல்லை. எரிகிற சூளைக்கு முன்னால் நின்றபடியே கண் சொருகியதைப் பார்த்துவிட்ட முதலாளி, 'குணமாகிவிட்டார்' என்று சர்ட்டிபிகேட் வந்தால்தான் சூளைப்பக்கம் வரலாம் என்று சொல்லிவிட்டார். அதுவரை வைக்கோல் சுற்றிப் பொம்மைகளைப் பெட்டியில் அடுக்கும் வேலை. தேவநாதனுக்கு அது பெரிய அவமானமாக இருந்தது.

ஆலோசகர் அமுதவள்ளி மேடம் தங்கமான மனுஷி. ஒரு கட்டம்கூட விட்டுப்போய்விடக் கூடாதே என்ற அக்கறையில் படிவத்தை விட்டுக் கண்ணை எடுக்கவே மாட்டார்.

"சொல்லுங்க தேவநாதன், உங்க மனசுல என்ன ஓடுது?"

தேவநாதன் மூச்சை இழுத்துக்கொண்டார். அவருக்கு வார்த்தை சட்டென்று வராது. சூளை சூடேறுவது போல மெதுவாகத்தான் வரும். பத்து விநாடி ஆனது.

"மௌனம். பூஜ்யம்," என்று மேடம் எழுதிக்கொண்டார்.

"இல்லீங்க, சொல்லலாம்னுதான்..."

"அந்தக் கேள்வி முடிஞ்சிடுச்சு. அடுத்தது. அழுகை வருதா? கொஞ்சமா, நடுத்தரமா, தாராளமா?"

"அழ மாட்டாருங்க," என்று பக்கத்திலிருந்த மனைவி கனகா முன்னால் நகர்ந்தார். "மோட்டுவளையத்தான் பாத்துக்கிட்டு கெடப்பாரு."

"நீங்க பேசக் கூடாதும்மா. குடும்பத்தாருக்குத் தனிப் படிவம் இருக்கு."

முடிவில் தேவநாதன் பெற்றது இருபத்தைந்துக்கு மூன்று. நேரத்துக்கு வந்ததற்கு இரண்டு; நாற்காலியில் உட்கார்ந்ததற்கு ஒன்று. இனி வரும் எட்டு வாரத்தில் பதினைந்தைத் தாண்டாவிட்டால் 'ஒத்துழைக்காதவர்' என்று எழுதிப் பெயரை நீக்கிவிடுவார்களாம். பிறகு சர்ட்டிபிகேட் ஏது, சூளை ஏது?

இந்த இடத்தில்தான் ராஜமாணிக்கம் வருகிறார். அதே கூடத்தில் பொம்மைகளுக்கு மெருகுப் பூச்சுப் போடுகிறவர். பூச்சு காய்வதற்குள் நாலு பேர் குடும்பக் கதையைப் பேசி முடித்துவிடக்கூடியவர். கனகாவை அவர் தங்கச்சி என்று அழைப்பதால் தேவநாதன் அவருக்கு மாப்பிள்ளை.

"இதுக்கா இடிஞ்சி போயி ஒக்காந்திருக்க? ஒனக்கு மாத்தாளா நான் போறேன் மாப்ள."

சூளை வேலையில் மாத்தாள் அனுப்புவது காலகாலமாக உள்ள வழக்கம். நெருப்பு யார் வீட்டுக் கல்யாணத்துக்காகவும் காத்திருக்காது. வர முடியாதவர் தனக்குப் பதிலாக ஒருவரை அனுப்பிவிடுவார், பதிவேட்டில் பழைய பெயரே இருக்கும், வேலை நடந்துவிடும். வைத்தியம் மட்டும் என்ன வானத்திலிருந்து குதித்ததா?

"வேணாம் மச்சான்!" தேவநாதன் கையெடுத்துக் கும்பிட்டார். "மாத்தாள் பேச்சே எங்கிட்ட எடுக்காத."

"அங்க என்னா நெருப்பா எரியுது? ஃபேன்தான் ஓடுது. வாயத் தொறக்கற வேலை. அத எங்கிட்ட வுட்டுடு."

"மொகம் தெரிஞ்சிடுமே?"

"அந்தம்மா ஒன் மொகத்தப் பாத்துச்சா?"

தேவநாதன் யோசித்துப் பார்த்தார். பார்த்ததாக நினைவில்லை.

அடுத்த செவ்வாய் ராஜமாணிக்கம் போனார், இருபத்திரண்டோடு திரும்பினார். அடிபட்டுச் செத்த தன் ஆட்டுக்குட்டியை நினைத்துத் 'தாராளமாக' அழுதிருக்கிறார். மேடம் பூரித்துப்போய், "ஒரே வாரத்துல எவ்வளவு முன்னேற்றம் தேவநாதன்!" என்று படிவத்தைப் பார்த்துப் பாராட்டியிருக்கிறார். 'ஆவணப்படுத்துதலுக்காக' உதவியாளரை விட்டு ஒரு போட்டோவும் எடுக்கச் சொல்லியிருக்கிறார்.

ஆனால் ராஜமாணிக்கத்துக்கு மனசு உறுத்தியது. மாத்தாளாகப் போனவன் அடுத்தவன் வேலையைத்தான் செய்ய வேண்டும். அங்கே போய்ச் சொந்த ஆட்டுக்கு அழுதுவிட்டு வருவது தொழில் தர்மமா?

"ஞாயமா ஒன் சோகத்தத்தான் மாப்ள நான் சொல்லணும். என்னா ஒன் சோகம்? சொல்லு."

தொழிற்கூடத்துக்கு எதிரே உள்ள டீக்கடையில், ஷிப்ட் முடிந்து, இருவரும் உட்கார்ந்தார்கள். தேவநாதன் டீயைக் குடித்து முடித்தார்.

"பரவால்ல. இன்னொரு டீ சொல்லட்டா?"

அந்த வாரம் முழுக்க டீதான். அதற்கடுத்த வாரமும் டீதான். வாயாடி என்று ஊரே பெயர் வைத்த மனுஷன், பக்கத்தில் உட்கார்ந்து ரோட்டில் போகிற பஸ்ஸுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மையத்தில் மட்டும் சொந்தக் கைச்சரக்கை அவிழ்த்துவிட்டுச் சமாளித்தார். மூன்றாவது வாரம் தேவநாதன் சொன்னார்.

"பழமலைநாதன் கை."

ராஜமாணிக்கம் கிளாஸைக் கீழே வைத்தார்.

"மாசி மகத்தன்னிக்கு நான் கோயிலுக்குப் போவணும்னு அவன மாத்தாளா அனுப்புனேன். சூளைக் கதவத் தெறந்தப்ப அனல் அடிச்சி அவன் கை வெந்துபோச்சி. என் ஷிப்ட்டு மச்சான். வேக வேண்டியது என் கை. அவன் ஊரோட போயிட்டான். நான் போயி ஒரு எட்டு பாக்கல. எந்த மொகத்த வச்சிக்கிட்டு பாப்பேன்?"

கூடச் சூளை பார்த்த பழமலைநாதனுக்குக் கை வெந்தது கூடத்தில் எல்லாருக்கும் தெரியும். அது இந்த மனுஷனை இத்தனை மாதமாக உட்கார்ந்து தின்கிறது என்பது கனகாவுக்குக்கூடத் தெரியாது. ராஜமாணிக்கம் அவரது தோளில் கையை வைத்தார். "எழுந்திரு. பெண்ணாடத்துக்கு பஸ்ஸு இருக்குது," என்றார்.

பழமலைநாதன் பெண்ணாடத்தில் கரும்பு டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தார். கையில் தழும்பு இருந்தது. கை நன்றாக வேலை செய்தது. தேவநாதன் சொல்லச் சொல்ல அவர் முழித்தார்.

"யோவ், ஒனக்காகவா வந்தேன்? அன்னிக்கு எங்க மாமியா வூட்டுக்கு வந்திருந்தா. அதுக்குச் சூளை தேவலன்னு ஓடியாந்தேன். நீ கேக்கலன்னா வேற எவன் ஷிப்ட்டுக்காவது போயிருப்பேன். கதவு கொக்கி தேஞ்சி கெடந்துச்சி, நான் அவசரப்பட்டு இழுத்தேன். இதுல நீ எங்கய்யா வந்த? வா, சாப்புடு."

தேவநாதன் அங்கே, இலைக்கு முன்னால், தேம்பித் தேம்பி அழுதார். எவ்வளவு என்று யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

திரும்பும் பஸ்ஸில் அவருடைய தலை ஜன்னல் கம்பியில் சாய்ந்தது. விருத்தாசலம் வந்தது, போனது. ராஜமாணிக்கம் எழுப்பவில்லை, கண்டக்டரிடம் சண்டை போட்டு, மேற்கொண்டு டிக்கெட் வாங்கினார். நெய்வேலியில் இறங்கும்போது தேவநாதன், "எந்த ஊரு மச்சான் இது?" என்று கொட்டாவி விட்டார். அந்தக் கொட்டாவியைப் பார்த்த சந்தோஷத்தில் ராஜமாணிக்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்த செவ்வாய் இந்த விவரம் முழுவதும் ராஜமாணிக்கத்தின் வாயால் மையத்தில் முறைப்படி சமர்ப்பிக்கப்பட்டது. பழமலைநாதன் யார் என்று மேடம் கேட்கவில்லை. "பயணம் பஸ்ஸிலயா, சொந்த வண்டியிலயா?" என்று கேட்டுக் கட்டத்தை நிரப்பினார். இருபத்தைந்துக்கு இருபத்தைந்து. மையத்தின் சரித்திரத்திலேயே அதுதான் முதல் தடவை.

எட்டு வாரம் முடிந்ததும் கல்யாண மண்டபத்தில் பாராட்டு விழா வைத்தார்கள். 'ஆண்டின் முனைப்பு நோயாளி' தேவநாதன். சர்ட்டிபிகேட்டுக்குப் போட்டோ கேட்டபோது, பெயர் அவருடையதுதானே என்று கனகா கணவரின் படத்தையே கொடுத்திருந்தார். மேடைக்குப் பின்னால் பெரிய ஃப்ளெக்ஸ். 'அன்று' என்ற இடத்தில் ராஜமாணிக்கம், குண்டாக, கறுப்பாக, கத்தை மீசையோடு. 'இன்று' என்ற இடத்தில் தேவநாதன், ஒல்லியாக, மீசை இல்லாமல், வழுக்கையோடு. சிகிச்சையின் வீரியத்தைக் கண்டு சபை வாய் பிளந்தது.

தேவநாதன் மேடையேறினார். மேடம் சால்வை போர்த்தினார். சர்ட்டிபிகேட் கைக்கு வந்துவிட்டது. ஆனாலும் மனுஷனுக்குப் பொய் சொல்லத் தெரியாது.

"மேடம், அந்தப் படத்துல இருக்கறது நான் இல்லீங்க."

மேடம் மைக்கைப் பிடித்தார். "கேட்டீங்களா! பழைய தன்னையே அவருக்கு அடையாளம் தெரியல! இதுதான் முழுமையான குணம்!"

கைதட்டல் அடங்க ஒரு நிமிடம் ஆனது. அதற்குமேல் கனகாவுக்குப் பொறுக்கவில்லை. முதல் வரிசையில் இருந்த ராஜமாணிக்கத்தின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேடையேறி, மாத்தாள் கதையை ஒன்று விடாமல் சொல்லிவிட்டார். மேடம் ஃப்ளெக்ஸைப் பார்த்தார். ராஜமாணிக்கத்தைப் பார்த்தார். தேவநாதனைப் பார்த்தார்.

சிறப்பு விருந்தினராக வந்திருந்த மாவட்ட ஒருங்கிணைப்பாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கடுமையாகக் கேட்டார். "நோயாளிக்குப் பதிலா வேற ஆள அனுப்பறது தப்புன்னு உங்களுக்குத் தெரியாதாம்மா?"

"நோயாளிக்கு மாத்தாளா யாரும் போகலீங்க சார்," என்றார் கனகா. "இந்த மனுஷன் வாயத் தொறக்கற வரைக்கும் அண்ணன் டீக்கடையில காத்துக்கெடந்து கேட்டாரு பாருங்க, அது இந்தம்மா வேலை. எட்டு வாரமா அண்ணன் இந்தம்மாவுக்குத்தாங்க மாத்தாளா இருந்திருக்காரு."