கேடயங்களுக்குப் பின்னால் ஒரு சன்னல்

பேரன்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தலைமையாசிரியர் பணியும் முழங்கால் வலியும் தங்களைப் பெரிதும் வருத்தாதிருக்க விழைகிறேன். இங்கு யாவரும் நலம். என் அறையின் குளிரூட்டி மட்டும் ஓய்வு பெற்றுவிட்டது.

தங்கள் தங்கை நடத்தும் காலநிலைப் பயிற்சிக்குத் தங்கள் பள்ளி ஆசிரியர்களை அனுப்பலாமா எனக் கேட்டிருந்தீர்கள். அடுத்த அணியில் தாராளமாக அனுப்புங்கள், ஆனால் என் அறைக்கு நேர்ந்ததை அறிந்துகொண்டு அனுப்புங்கள். இப்போதைய பயிற்சியின் நிறைவு விழா நாளை. கொதிக்கும் புவியைப் பற்றி ஊர் ஊராய் முழங்கிய எனக்கே சிறப்புரை என்று தொடக்கத்திலேயே முடிவு கட்டியிருந்தேன். அவளோ, தன் சொந்த இடத்தில் ஒன்றையேனும் மாற்றி, அதை வகுப்பார் நேரில் கண்டு ஒப்பும்படி செய்தவர்க்கே மேடை என்று விதி வகுத்தாள். கட்டிய கணவனுக்குமா என்றேன். "கட்டின புருஷன்னுதான் முதல்ல உங்க ரூமுக்கே கூட்டிட்டு வரேன்" என்றாள்.

உச்சிவெயிலில் வெப்பமானியும் கையுமாக ஆசிரியர் படை புகுந்து, முதல் வேலையாகக் குளிரூட்டியை நிறுத்தியது. நான் தொண்டையைச் செருமி உரை தொடங்குமுன் கணக்கு ஆசிரியை குறுக்கிட்டார்: "ஐயா, வெளிச்சுவத்துல சன்னல் தெரியுது. உள்ள காணோமே?" என் வெற்றிக் கேடயங்களைத் தாங்கிய பேரலமாரி அவ்விடத்தில் மலைபோல் நின்றது. நகர்த்தினார்கள், பேச்சுப்போட்டிக் கேடயமொன்று ஓவிய ஆசிரியரின் பாதத்தில் இறங்கியது, அவர் நொண்டிக்கொண்டே தாழ்ப்பாளை நீக்க, நான் மறந்தே போயிருந்த சன்னல் திறந்தது. காற்று, மைத்துனரே, காற்று! வெப்பமானி தலைகுனிந்தது. தங்கள் தங்கை கைகட்டி நின்று, அவர்களே காணட்டும் என்று காத்திருந்தாள். அதுவே அவள் கற்பிக்கும் முறை.

மறுவாரமே அவரவர் பள்ளியில் சன்னல் வேட்டை. கணக்கு ஆசிரியையின் பள்ளியில் புரவலரின் ஆளுயரப் படம் மறைத்திருந்தது; அதை அவரே இறக்கினார். இன்னொன்றில் 'காற்றோட்டமே நலவாழ்வு' என்ற பலகையே சன்னலை அடைத்து நின்றதாம். இப்போது மாணவர்கள் வீடு சென்று தந்தையரின் அறைகளைச் சோதிக்கிறார்கள், தந்தையர் நடுங்குகிறார்கள். என் முழக்கங்களுக்குக் கைதட்டல் எழுந்ததுண்டு. ஒரு சன்னலும் திறந்ததில்லை. நானோ குளிரூட்டியை முற்றத் துறந்தேன். இம்மடலையும் திறந்த சன்னலருகே, இளங்காற்று தழுவவே எழுதுகிறேன். நாளை மேடையில் இத்துறவையே முழங்குவேன்.

அக்காவுக்கு என் வணக்கம். மருமக்கள் கல்வியிற் சிறந்து, தங்களை மட்டும் சோதிக்காதிருக்க வாழ்த்துகிறேன்.

தங்கள் அன்பு மைத்துனன்

பின்குறிப்பு: மடலை உறையிலிடுமுன், இறுதிச் சோதனைக்கெனத் தங்கள் தங்கையும் கணக்கு ஆசிரியையும் உள்ளே வந்துவிட்டனர். சன்னல் சாத்தியிருந்தது; குளிரூட்டி ஓடிக்கொண்டிருந்தது. காற்றில் இம்மடலின் தாள்கள் பறந்ததால் சற்றே சாத்தினேன் என்று விளக்கினேன். "ஒரு கேடயத்தை எடுத்து மேல வெச்சிருக்கலாமே" என்றாள் தங்கள் தங்கை. நாளைய சிறப்புரை கணக்கு ஆசிரியையுடையது. எனக்கு முன்வரிசையில் ஓர் இருக்கை, சன்னல் ஓரமாம்.