சட்டையை மிதமான சூட்டில் வேகவிடவும்

'உங்கள் பாடத்தின் பெயர் இங்கே வரும்' என்று கம்ப்யூட்டர் மறுபடியும் சொன்னது.

தையல் டீச்சர் காலையிலிருந்து பெயரைக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறாள். அது வருவதாகக் காணோம்.

தொழிற்பயிற்சி மையத்தில் அவள் வகுப்புக்குக் கண்டம் வந்திருந்தது. பாடங்கள் இனி இணையத்திலும் இருக்க வேண்டும், அதைப் பார்த்து இருபது பேராவது சேராத வகுப்பை இழுத்து மூடிவிடுவேன் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அதற்காக ஒரு மாதிரி வெப்சைட்டை வாங்கி, வகுப்புக்கு ஒரு பக்கமாகப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். புரியட்டும் என்று கேக் செய்யும் பாடம் ஒன்று சாம்பிளாக உள்ளே இருந்தது. அதை எடுத்துவிட்டு அவரவர் பாடத்தை நிரப்ப வேண்டியதுதான். மற்ற வாத்தியார்கள் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று கைகூட வைக்கவில்லை. அவர்களுக்கு எப்படியும் ஆள் சேர்ந்துவிடும். தையலுக்குப் போன முறை வந்தது ஆறே பேர். வகுப்பு போனால் டீச்சர் வேலையும் போச்சு.

"அணைச்சுப் போட்டுப் பாரேன்" என்றார் வீட்டுக்காரர். ஃபிரிட்ஜ் கடையில் விற்பனையாளர். உலகத்தில் அணைத்துப் போட்டால் சரியாகாத பொருளே கிடையாது என்பது அவர் கட்சி.

அணைத்துப் போட்டாள். எழுதி வைத்திருந்த முதல் பாடமும் சேர்ந்தே அணைந்தது.

"சேவ் பண்ணலையா?"

"நீங்க அணைக்கத்தானே சொன்னீங்க?"

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவரே உட்கார்ந்தார். "எதுக்கு மெனக்கெட்டு எழுதிக்கிட்டு? கேக்குன்னு இருக்கிற இடத்தையெல்லாம் சட்டைன்னு ஒரே தட்டுல மாத்திட்டா முடிஞ்சுது."

தட்டினார். டீச்சர் வாய்விட்டுப் படித்தாள்.

"சட்டையை மிதமான சூட்டில் வேகவிடவும். உப்பி வந்ததும் கத்தியால் குத்திப் பார்க்கவும். வெந்த சட்டை கத்தியில் ஒட்டாது."

"இஸ்திரி போடுறதையும் சேர்த்துச் சொல்லித்தர்ற மாதிரி இருக்கு, விடு."

"எந்திரிங்க" என்றாள் டீச்சர்.

எல்லாவற்றையும் அழித்துவிட்டு அவளே எழுதினாள். எழுதவா செய்தாள், வகுப்பில் பேசுவதை அப்படியே இறக்கி வைத்தாள். 'அளவெடுக்கும்போது மூச்சை உள்ளே இழுப்பவரை நம்ப வேண்டாம். தொப்பைக்கு ஓர் அங்குலம் நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள்.' தோளுக்குப் பின்னால் நின்று படித்த வீட்டுக்காரர் தம் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார்.

சேமித்துவிட்டு வெப்சைட்டைத் திறந்தாள். மேலே, 'உங்கள் பாடத்தின் பெயர் இங்கே வரும்.' கீழே அதே கேக்.

டீச்சருக்கு அழுகையே வந்துவிட்டது. "பத்து வருஷமா ஓட்டுன மெஷினை இதுகிட்ட தோத்துட்டு நிறுத்தணுமா?"

அவள் அழுதால் அவருக்குத் தாங்காது. மவுஸைப் பிடுங்கி, கண்ணில் பட்டதையெல்லாம் திறந்து திறந்து மூடினார். கடைசியில் ஒரு ஃபோல்டருக்குள் நுழைந்து தலைப்பை மாற்றினார். மேலே 'தையல் வகுப்பு' என்று பளிச்சென்று வந்து நின்றது.

"இங்க பாரு, இதுல எது பண்ணாலும் உடனே பிடிச்சுக்குது. எல்லாத்தையும் இதுக்குள்ளயே கொட்டிடு."

"அதுமேல 'பொது'ன்னு போட்டிருக்குதேங்க?"

"நாமளும் பொதுஜனம்தானே?"

கொட்டினாள். பாடங்கள், படங்கள், அடியில் இருக்கிற 'சேர விரும்புவோர் அழுத்தவும்' பொத்தான், அத்தனையும் தையலுக்கே வருகிற மாதிரி மாற்றிவிட்டாள். பக்கம் கல்யாணப் பெண் மாதிரி ஜோடனையாக நின்றது.

மறுநாளிலிருந்து பேர் கொடுக்க ஆரம்பித்தார்கள். இருபதை எப்போது தாண்டியது என்றே தெரியவில்லை. வகுப்பு தொடங்கிய அன்று அறையில் உட்கார இடமில்லை. லாரி ஓட்டும் வகுப்பு காலியாகத்தான் கிடக்கிறது என்று அங்கிருந்து நாற்காலிகளைத் தூக்கி வந்தார்கள். பம்ப் ரிப்பேர் வாத்தியார் தன் மாணவர்கள் யாராவது வழிதவறி வந்துவிட்டார்களா என்று வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

மேனேஜரே நேரில் வந்தார். "டீச்சர், உங்களைப் போய் மூடப் பார்த்தேனே. இந்த வருஷம் உங்க வகுப்பு ஒண்ணுதான் நிரம்பியிருக்கு. அப்படி என்னதான் பண்ணீங்க?"

"பாடம் நல்லா இருந்தா தானா வர்றாங்க சார்" என்றாள். பெருமை தாங்கவில்லை, அதை அவள் மறைக்கவும் இல்லை. மேனேஜர் காதுபட ஒரு மாணவர் வாயாலேயே இதைச் சொல்ல வைத்தால் இன்னும் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. முதல் வரிசையில் பெரிய மீசையோடு ஆஜானுபாகுவாக ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"நீங்க சொல்லுங்க. இத்தனை வகுப்பு இருக்கிறப்ப எதுக்குத் தையலைத் தேர்ந்தெடுத்தீங்க?"

அவர் நாற்காலியிலிருந்து தம்மை மெதுவாக விடுவித்துக்கொண்டு எழுந்து, பணிவாகச் சொன்னார்.

"லாரி ஓட்டக் கத்துக்கலாம்னுதான் பார்த்தேன் டீச்சர். லாரியை அமுக்கினா சட்டை வந்துச்சு, பம்ப் ரிப்பேரை அமுக்கினாலும் சட்டைதான் வந்துச்சு. சரி, இங்க இது ஒண்ணைத்தான் சொல்லித்தர்றாங்க போலன்னு பேரைக் கொடுத்துட்டேன்."